பட்டாணி முதுகைக் காட்டிய பீர்

பம்ப் ஹவுஸ் தெருவுல வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சுவாங்க. பக்கத்துல நாய் இருந்தாத்தான் பீர் புளிக்கும். நாய் பீர் கேனைப் பாத்து உக்காரணும், காய்ச்சுறவர் நாய்க்குப் பக்கத்துல உக்காரணும். நாய் இல்லாத வீட்டுல காபி குடிச்சுக்குவாங்க.

லிஃப்ட் மெக்கானிக் தணிகாசலத்தோட நாய் பேரு பட்டாணி. அவர் மக நித்தியகலாவுக்கு நிச்சயதார்த்தம், இன்னும் பதிமூணே நாள். பொண்ணோட அப்பா காய்ச்சின பீரை மாப்பிள்ளையோட அப்பா ஒரு வாய் குடிச்சிட்டு, மூணு சுத்து சுத்திப் படுக்கணும். படுத்தாத்தான் சம்மதம். நின்னுக்கிட்டே இருந்தா, வந்தவங்க டிபனை முடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. நித்தியகலாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பார்லியை வேகவச்சு, வடிகட்டி, ஆறவச்சு, ஈஸ்டைத் தூவி, கேன்ல ஊத்தி மூடுற வரைக்கும் பட்டாணி கூடவே இருந்துச்சு. மூடின கையோட தணிகாசலம் ஒரு வார்த்தையை விட்டார். எதிர்வீட்டு நாய் ராக்கி உக்காந்த பீருக்கு நுரை தலைப்பா கட்டின மாதிரி நிக்குதுன்னு, பொண்டாட்டி வேதவல்லிகிட்ட சொல்லிட்டார். பட்டாணி எந்திரிச்சுச்சு. கேனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பாத்து உக்காந்துச்சு.

மறுநாள் கேன்ல ஒரு குமிழி இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. தணிகாசலம் கேனைத் தூக்கிட்டுப் போய் பட்டாணிக்கு முன்னால வச்சார். அது அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. இப்படியே கேன் அந்த ரூமை ஒரு சுத்து சுத்தி, பழைய இடத்துக்கே வந்து சேந்துச்சு. ராக்கியை ஒரு அரைநாள் கேட்டு வாங்கிட்டு வரட்டுமான்னு வேதவல்லி கேட்டா. பட்டாணி ஒரு காதை மட்டும் திருப்புச்சு. வேண்டாம்னு அவளே சொல்லிக்கிட்டா.

பாதியில நின்னுபோன லிஃப்டுக்குள்ள மாட்டினவங்ககிட்ட பேசுற குரல்ல தணிகாசலம் மன்னிப்புக் கேட்டார். பட்டாணி அசையல.

நித்தியகலா வாசப்படியில நின்னு பாத்துட்டுச் சொன்னா: "அப்பா, கேனைப் பாத்துக்கிட்டே மன்னிப்புக் கேக்குறீங்க. அதுக்குத் தெரியாதா?"

தணிகாசலம் லீவு போட்டார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, பட்டாணி பக்கத்துல, சுவரைப் பாத்து உக்காந்தார். சுவத்துல ஒரு விரிசலும் ஒரு பல்லியும் இருந்துச்சு. மூணு நாள்ல ரெண்டும் பழகிடுச்சு. நாலாம் நாள் அவர் சொன்னார்: "பீர் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்டா. இன்னொருத்தன் நாயை வச்சு நான் காய்ச்ச மாட்டேன்."

பின்னால 'குளுக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. ரெண்டு பேருமே உடனே திரும்பல. கொஞ்ச நேரம் கழிச்சு, பட்டாணிதான் முதல்ல திரும்புச்சு.

நிச்சயதார்த்தத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அப்பா கோதண்டம் ஒரு வாய் குடிச்சார். மீசையைத் துடைச்சார். மூணு சுத்து சுத்தி, கூடத்துல விரிச்ச பாயில படுத்துக்கிட்டார். அவர் சம்சாரத்துக்கு ஏக சந்தோஷம். வீட்ல ரெண்டு சுத்தோட நிறுத்திக்குவாராம். தலைக்கு ஒரு தலகாணி வச்சாங்க.

தட்டு மாத்துற நேரம் வந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா நாற்காலி காலியா இருந்துச்சு, நல்ல நேரமோ ஓடிக்கிட்டிருந்துச்சு. பட்டாணி ஏறி உக்காந்துச்சு. தணிகாசலம் தட்டை நீட்டினார். பட்டாணி ஒரு வெத்தலை கூடச் சிந்தாம வாயால வாங்கிக்கிச்சு. கல்யாணம் தையிலன்னு முடிவாச்சு.

அப்புறம் கல்யாணத்துக்குப் பீர் காய்ச்சணும். தட்டு மாத்தினதால பட்டாணி இப்ப சம்பந்தி; சம்பந்தியைப் போய் கேன் பக்கத்துல உக்காருன்னு சொல்றது மரியாதையில்ல. கோதண்டமோ பாயை விட்டு இன்னும் எந்திரிக்கல.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து உக்காருங்க," னு கோதண்டத்துகிட்ட சொன்னார் தணிகாசலம்.

கோதண்டம் எந்திரிச்சு வந்து கேனைப் பாத்து உக்காந்தார். தணிகாசலம் பக்கத்துல உக்காந்தார். சோபாவுல இருந்த சம்பந்தி பட்டாணிக்கு வேதவல்லி காபி ஆத்திக் குடுத்தா. மறுநாளே குமிழி வந்துச்சு. யாரும் முதுகைக் காட்டிடக் கூடாதுன்னு, அன்னையிலருந்து தணிகாசலம் எதிர்வீட்டு நாயைப் பத்தியும் பேசுறதில்ல, எதிர்வீட்டு அப்பாவைப் பத்தியும் பேசுறதில்ல.