நீல டிரம்மில் ஒரு கடல்

சிவப்பைத்தான் கடல் முதலில் விழுங்குகிறது. மூன்று ஆள் ஆழம் இறங்குவதற்குள் செம்பவளம் சாம்பலாகிவிடும். குங்கும நிறத்துச் சிறுமீன் கரித்துண்டாகிவிடும். கடல் விழுங்கிய அந்நிறத்தை அதன் வாயிலிருந்து மீட்டுத் தருவது ஒரு விளக்கு. நீர்புகா உறையிட்ட கேமராவின் பக்கத்தில் ஒரு தண்டின் நுனியில் அமர்ந்து, படம் எடுக்கும் கணத்தில் மின்னி அணையும் அதற்கு ஸ்ட்ரோப் என்று பெயர்.

சாருலதாவின் ஸ்ட்ரோப் இரண்டாண்டுகளுக்கு முன்பு அந்தமான் கடலில் உப்புநீர் குடித்து உயிர் துறந்தது. “பரமபதம் அடைஞ்சுடுத்து” என்று அவள் கணவன் பத்ரி கைகூப்பினான். அப்பயணத்தின் மிச்சப் படங்களெல்லாம் நீலச் சேற்றில் தோய்த்து எடுத்தவை போல வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நன்னா இருக்கு” என்றான் பத்ரி. ரசத்தில் உப்புக் கூடிப்போன நாளிலும் அவன் அதே குரலில் அதே சொல்லைத்தான் சொல்வான். சாருலதாவின் நெஞ்சில் தைத்தது அதுதான். முழங்கால் அளவு நீரைக் கண்டாலே இரண்டடி பின்வாங்கும் அவனுக்கு, அவள் கடலடியில் கண்டதைக் காண்பதற்குப் படம் ஒன்றே வழி. அந்தப் படமும் பொய் சொன்னால் அவள் எதைக் காட்டுவாள்?

மாதாப்பூர் மென்பொருள் நிறுவனத்தில் இரண்டாண்டு கெஞ்சியதன் பயனாக டிசம்பரில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருந்தது. கடல் காத்திருந்தது; விளக்குத்தான் இல்லை.

அக்காலத்து ஹைதராபாதில் இத்தகைய பொருள்கள் கடைக்கு வந்ததில்லை, பெட்டிக்குள் வந்தன. வேலை நிமித்தம் வெளிநாடு சென்ற எவரும் தம் துணிமணிக்கு இடமின்றித் திரும்புவதே மரபு. சிங்கப்பூரில் மூன்று மாதம் இருந்துவிட்டு அன்றிரவு விமானம் ஏறவிருந்தாள் உடன் பணிபுரியும் ஆக்னஸ். தூத்துக்குடிக்காரி. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆவணி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்கே அவளுடைய குரல் தொலைபேசியில் ஒலித்தது.

“ஏட்டி சாரு, பெட்டியில ஒரு மூலதான் மிச்சம் கெடக்கு. மத்ததெல்லாம் ஆபீஸ்காரங்க சாக்லேட்டு, செண்ட்டு. பெரிய லைட்டா, சின்ன லைட்டா? ஒண்ணுதான் கொள்ளும். ஒங்க மணிக்கு மூணுக்குள்ள சொல்லிரு. பொறவு கடைய அடைச்சிருவான்.”

“கட்டாயம் சொல்றேன் ஆக்னஸ்.”

“போன வாரமும் இதத்தான் சொன்ன.”

உண்மைதான். பெரியது வெளிச்சத்தில் வல்லது, நான்கு மின்கலம் உண்டு நடுப்பகல் போல மின்னும், கனமும் அதற்கேற்றது. சின்னது பாதி வலிமையே உடையது, ஆனால் ஒளியை அகலமாக விரிக்கும், கைக்கு அடங்கும். இரண்டையும் வைத்திருந்தவன் அவளுடைய நீர்மூழ்கும் குழுவைச் சேர்ந்த வெங்கட். உப்பலில் இருந்த அவன் வீட்டுக்கு முந்திய நாள் மாலை அவளும் பத்ரியும் போய், ஒரே ஒரு நாள் இரவலாக அவ்விரண்டையும் வாங்கி வந்திருந்தார்கள்.

சோதனைப் பொறுப்பைப் பத்ரி தானே ஏற்றுக்கொண்டான். அவன் மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் தர ஆய்வாளன். பதினான்கு ஆண்டுகளாக அவனுடைய கையொப்பமின்றி ஒரு திருகாணியும் அவ்வாயிலைக் கடந்ததில்லை. அவனுடைய பக்தியில் பெருமாளுக்கு அடுத்த இடம் படிவத்துக்கு. நீராடி, நெற்றியில் திருமண் இட்டு, பாசுரங்கள் சொல்லி முடித்த கையோடு நான்கு பத்திகள் கொண்ட படிவம் ஒன்றைக் கோடிட்டு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தான்.

“முதல்ல எடை. அப்புறம் கண்ணால பார்த்துச் சோதனை. அதுக்கப்புறம்தான் தண்ணி.”

“பத்ரி, இது ஏவுகணை இல்லை. விளக்கு.”

“விளக்குக்கும் ஒரு முறை உண்டு சாரு. வெளக்கெண்ணெய் வாங்கினாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கறவன் நான்.”

“தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ரெண்டு தடவை வந்து பார்த்தவனாச்சே!”

“மறுபரிசோதனை” என்றான் பத்ரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவர்கள் குடியிருந்த மெட்டுகுடாவில் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். ஆதலால் அக்கட்டடத்தின் மாடியில் ஆளுயரத்தில் பாதி வரும் நீல டிரம் ஒன்று நீர் நிறைந்து நிற்பது வழக்கம். அன்று அதன் நீர் பளிங்கு போல் தெளிந்திருந்தது. சாருலதா தன் செந்நிற மரக் குங்குமச் சிமிழில் ஒரு கல்லை இட்டு அடியில் இறக்கினாள். கடலாழத்தின் இருளைக் கொணர்வதற்காகப் பத்ரி பழைய போர்வை ஒன்றை டிரம்மின்மேல் விரித்தான். கணவனும் மனைவியுமாக அதற்குள் தலை நுழைத்து நின்ற கோலத்தை எதிர்மாடிக் காக்கை ஒன்று வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

டிரம்மின் வாய் குறுகியது. ஸ்ட்ரோப்பை லென்ஸுக்கு அருகிலேயே ஒட்டிப் பொருத்தித்தான் உள்ளே இறக்க முடிந்தது. பெரியது முதலில் மின்னியது.

படத்தில் சிமிழ் இல்லை, பனி பெய்துகொண்டிருந்தது. ஆயிரம் ஆயிரமாய் வெண்புள்ளிகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு.

“காஷ்மீருக்குப் போயிட்டு வந்தாப்பல இருக்கு” என்றாள் சாருலதா.

பத்ரி ஸ்ட்ரோப்பின் முகக் கண்ணாடியைத் துடைத்தான். லென்ஸைத் துடைத்தான். ஐயம் தீராமல் தன் மூக்குக் கண்ணாடியையும் துடைத்தான். மீண்டும் மின்னியது, மீண்டும் பனி. சின்னதை மாட்டினார்கள். பனி சற்றுக் குறைந்தது. சிமிழோ விடியற்காலத்து நிலவு போல் வெளிறிக் கிடந்தது. பத்ரி படிவத்தில் எழுதத் தொடங்கினான்.

“என்ன எழுதறே? ரெண்டுமே நக்கோவா?” வேண்டாமா என்பதை ஹைதராபாத் வழக்கில் கேட்டாள் சாருலதா.

“ஹவ், ஆமாம். ஒண்ணு புள்ளி வைக்கறது. இன்னொண்ணு எரியவே மாட்டேங்கறது. ரெண்டும் நிராகரிப்பு.”

“நிராகரிச்சுட்டு? டிசம்பர்ல தீப்பந்தத்தோட குதிக்கட்டுமா?”

“தண்ணிக்குள்ள தீப்பந்தம் எரியாது சாரு.”

“இதையும் எழுதிக்கோ. கண்டுபிடிப்புன்னு ஒரு பத்தி போடு.”

கேலி உதட்டில் இருந்ததே தவிர உள்ளத்தில் கலக்கம். கடலிலும் தூசி உண்டு. அலை புரண்ட மறுநாள் இதைவிட மிகுதியாகவே உண்டு. பெரியதை வாங்கினால் ஐந்து நாளும் பனி. சின்னதை வாங்கினால் ஐந்து நாளும் மங்கல். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதே “நன்னா இருக்கு” அவளுக்காகக் காத்திருந்தது.

பத்து மணிக்குப் பெருமாள் கோயில். ஆவணி ஞாயிறு ஆதலால் அதைத் தள்ளிவைக்கப் பத்ரி இசையமாட்டான். வரிசை நகர்ந்து உள்ளே நுழையவே உச்சிவேளை தாண்டிற்று. சன்னிதியில் சாம்பிராணிப் புகை திரண்டு நின்றது. கூட்டம் கழுத்தை நீட்டியது. அர்ச்சகர் தீபத்தை ஏற்றி நேர்முன்னே உயர்த்தினார். புகைதான் வெண்திரையாய் எரிந்தது. அதற்கப்பால் திருமேனி இருந்த சுவடே தெரியவில்லை. முப்பதாண்டுகள் புகைக்குள் நின்று பழகியவர் அவர். ஒளியைப் பற்றி நூல் எதுவும் கற்றவரல்லர். கை தானாகவே விலகியது. உடலைச் சாய்த்துத் தீபத்தைச் சங்கேந்திய திருக்கரத்தின் பக்கமாக, எட்டிய மட்டும் தள்ளிப் பிடித்தார். புகை இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணுக்கு மட்டும் இல்லாமற்போனது. அதனூடே செவ்வாடையும், செவ்வாயும், அதில் அரும்பிய புன்னகையும் ஒருங்கே எழுந்தன.

சாருலதாவுக்குப் பக்தி குறைந்ததில்லை. ஆயினும் அன்று அவளுடைய பார்வை பெருமாளிடம் தங்கியதைவிட அர்ச்சகரின் முழங்கையில் தங்கியதே அதிகம்.

“தள்ளிப் பிடிச்சார்!” என்றாள் உரக்க.

அருகில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். “சன்னிதில என்ன பேச்சு?” என்று பத்ரி முணுமுணுத்தான்.

“விளக்குல கோளாறு இல்லை பத்ரி. நாம பிடிச்ச இடம் கோளாறு. லென்ஸை ஒட்டி நேர்முன்னால விளக்கை வெச்சா, இந்தப் புகை மாதிரி நடுவுல இருக்கற தூசிதானே தெரியும்?”

“தீர்த்தம் வாங்கிண்டாவது பேசேன்.”

தீர்த்தம் வாங்கிய ஈரம் உள்ளங்கையில் உலர்வதற்குள் அவளுடைய ஸ்கூட்டர் மெட்டுகுடாவை அடைந்தது. பின்னிருக்கையில் பத்ரி, வழி முழுதும் கண்ணை மூடிக்கொண்டு, பாதி வேண்டுதலாகவும் பாதி அச்சமாகவும் திருநாமங்களைச் சொல்லியபடி வந்தான்.

மாடியில் மறுபடி போர்வை விரிந்தது. ஸ்ட்ரோப்பைத் தண்டிலிருந்து கழற்றி, இணைப்புக் கம்பி இழுத்த மட்டும் டிரம்மின் எதிர் விளிம்பில் யாரேனும் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரேனும் என்றால் அங்கு இருந்தது ஒருவன்தான்.

“தோள் வரைக்கும் உள்ள விடணும்” என்றாள் சாருலதா.

“கோயில் வேஷ்டி.”

“வேஷ்டியை விட வேண்டாம். கையை மட்டும் விட்டாப் போறும். தண்ணின்னா பயமா?”

“பயமில்லை. மரியாதை.”

மரியாதையோடு கை இறங்கியது. பெரியது அவன் பிடிக்குள் நிற்க மறுத்துச் சரிந்தது. அதன் வெளிச்சத்தில் சிமிழின் ஒரு பாதி வெண்மையாய் வெந்துபோனது. பனி மட்டும் பெரும்பாலும் காணாமற்போயிருந்தது. அடுத்துச் சின்னது. பத்ரி மூச்சடக்கி அதை விளிம்போரம் சாய்த்துப் பிடித்தான். மின்னியது.

சாருலதா போர்வையை விலக்கிக் கேமராவின் திரையைப் பார்த்தாள். நீர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. குங்குமச் சிமிழ், அப்போதுதான் அரக்குப் பூசி எடுத்தது போல, செக்கச்செவேலென்று அந்தரத்தில் அமர்ந்திருந்தது. அதன் பக்கத்தில், அடித்தரையில், இன்னும் ஏதோ சிவப்பு. பெரிதாக்கினாள். மிளகினும் சற்றுப் பெரிய இரண்டு செந்துளிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரும்பொட்டு. அருகருகே கிடந்து, அவ்விரண்டும் மேல்நோக்கி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

“குன்றிமணி” என்றாள் அவள். “டிரம்முக்குள்ள குன்றிமணி எப்படி?”

பத்ரி கையை வெளியே எடுத்தான். தோளிலிருந்து நீர் சொட்ட, கேமராவை அவளுடைய கையிலிருந்து வாங்கி முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது துவைத்த துணி வாளியோடு மாடியேறி வந்தாள் கீழ்வீட்டு வேதா. போர்வையையும், நனைந்த பத்ரியையும், டிரம்மையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எங்காத்துப் பிள்ளையாரை ஏன் மாமி படம் பிடிக்கறேள்?”

“பிள்ளையாரா?”

“நேத்து சாயங்காலம் இதுலதானே கரைச்சோம். ஹுசைன் சாகர் கூட்டத்துல குழந்தைகளோட யார் போறது? உங்காத்துல சொல்லலாம்னு மணியடிச்சேன், நீங்க ரெண்டு பேரும் இல்லை. நாளைக்குச் செம்பருத்திக்கு ஊத்திடுவேன். களிமண் எல்லாம் அடியில படிஞ்சுடுத்தே, நீங்க ஏன் போட்டுக் கலக்கறேள்?”

இடையூறு தீர்க்கும் பெருமான் அன்று இடையூறாகவே கரைந்து, டிரம் முழுதும் நிறைந்திருந்தார். பனி என்று அவர்கள் கண்டதெல்லாம் அவருடைய திருமேனி. கையைத் தள்ளிப் பிடித்த பிறகே அவர் தம் கண்ணைக் காட்டினார்.

சாருலதாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. “பத்ரி, எடை பார்த்தே. கண்ணாடி பார்த்தே. மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையத்தை மூணு தடவை பார்த்தே. தண்ணியைப் பார்த்தியோ?”

பத்ரி படிவத்தைப் பார்த்தான். நான்கு பத்திகளில் எதிலும் தண்ணீருக்கு இடமில்லை.

“பதினாலு வருஷ சர்வீஸ்!” என்றாள் அவள்.

“தெளிவாத்தான் இருந்தது” என்றான் அவன் மெல்ல. வேறொரு நாளாயிருந்தால் எதிர்வாதம் மூன்று பக்கம் நீண்டிருக்கும். அன்று அவன் மனம் வாதத்தில் இல்லை. திரையை மீண்டும் பெரிதாக்கினான். அச்சிவப்பைக் கட்டைவிரலால் தொட்டும் பார்த்தான்.

“சாரு, கடலுக்கு அடியிலயும் இப்படித்தான் இருக்குமா? இத்தனை சிவப்பா?”

“இதைவிட. எத்தனை வருஷமா சொல்லிண்டிருக்கேன்!”

“நீ சொன்னே. நான் நம்பினேன். ஆனா பார்க்கலையே.”

அவனிடமிருந்து “நன்னா இருக்கு” இன்னும் வரவில்லை என்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மணி இரண்டே முக்கால். ஆக்னஸின் குரலை வேதாவும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் இட்டாள்.

“சின்னது ஆக்னஸ். கூடவே நீளமான தண்டு ஒண்ணு. விளக்கைத் தள்ளிப் பிடிக்கணும், அதுக்கு.”

“தண்டு மடங்குமாட்டி? இல்லாட்டி நான் அத ஊன்றுகோலு மாதிரி ஊணிக்கிட்டுத்தான் பிளேன் ஏறணும்.”

“மூணா மடங்கும்.”

“அப்ப சரி. பெரிய லைட்டுக்கு ஒதுக்கின மூலையில இன்னும் ஒரு சாணு எடம் இருக்கு. சாக்லேட்டு வேணுமா?”

சாருலதா மறுமொழி சொல்வதற்குள் பத்ரி தொண்டையைச் செருமினான். வேதாவின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“அந்த எடத்துல... நீச்சல் கண்ணாடி ஒண்ணு கொள்ளுமான்னு கேளு.”

ஒலிபெருக்கி வழியே அது சிங்கப்பூருக்கும் கேட்டுவிட்டது. ஆக்னஸ் கேட்டாள்: “யாருக்கு? அண்ணனுக்கா? வாளியத் தள்ளி வச்சு, எட்டி நின்னு மொண்டு ஊத்திக் குளிக்காருன்னு சொன்னியே, அந்த அண்ணனுக்கா?”

வேதா துணி உதறுவதை நிறுத்திவிட்டாள். சாருலதா வானத்தைப் பார்த்தாள்.

பத்ரியின் முகம் குன்றிமணியாயிற்று. ஆயினும் ஆய்வாளர் பின்வாங்கவில்லை. ஈரக்கையை வேட்டியில் துடைத்து, படிவத்தின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு பத்தி வரைந்து, அதன் தலையில் ‘தண்ணீர்’ என்று எழுதிக்கொண்டே சொன்னான்:

“உடனே கடல்னு யாரும் நெனைக்க வேண்டாம். முதல்ல இந்த டிரம்.”