மாமி சாத்தும் கதவு

ஸப்ரி பிறர் வீட்டுச் சூட்டைத் தணித்துப் பிழைப்பவன். அக்கரைப்பற்றில் ஏசி பூட்டுகிற, பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததுமே, "காத்து உள்ள வந்தாப் போதாது, வெளிய போகவும் வழி இரிக்கணும்" என்று வைத்தியர் மாதிரிச் சொல்லிவிடுவான். சொன்னது சரியாகவும் இருக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு, தான் வாழ்க்கைப்பட்டுப் போன கல்முனைக்குடி வீடு மட்டும் அடுப்பாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வாழ்க்கைப்பட்டுப் போனவன் என்று சொன்னதில் பிழையில்லை. இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வார். மனைவி ஹிமாயா பிறந்த நாளிலிருந்தே அவளுடைய வாப்பா முகைதீன்பாவா இந்த வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிட்டார். நற்பிட்டிமுனை வயலில் விளைந்த நெல்லெல்லாம் சீமெந்தாகி எழும்பிய வீடு. கடல் பக்கம் பார்த்த வாசல், பெரிய ஹோல், ஹோலின் கடைசியில் சமைக்கிற குசினி, குசினிக்குப் பின்வாசல். குறை சொல்ல ஓர் ஆணி கூடக் கிடையாது. ஆனாலும் ஸப்ரி பின்னேரம் வேலை முடிந்து வந்து ஹோலில் உட்கார்ந்தால், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"உங்களுக்கு மட்டும் எங்கால வாற வெக்க?" என்பாள் ஹிமாயா. "பகலெல்லாம் இஞ்ச காத்து கொட்டுது. நீங்கதான் அக்கரப்பத்து வெயில பைக்குல ஏத்திட்டு வாறீங்க."

இரண்டாவது ஃபேன் போட்டான். அது சூட்டைக் கிண்டிக் கிண்டிப் பரிமாறியது. கொங்கிரீட் சிலாப்புக் கூரைக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தான். படுக்கையறையில் ஏசி பூட்டினான். கடைசியில் வீட்டுக்கு வந்ததும் அதற்குள்ளேயே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளவும் தொடங்கினான். மாப்பிள்ளைக்கு மனதில் ஏதோ கோபம் என்று மாமாவுக்குக் கவலை பிடித்துவிட்டது.

மாமி முனவ்வறாவுக்கு அதைவிடப் பெரிய கவலை. ஆனால் மாமியின் கவலை ஸப்ரிக்கு நேரே தெரிய வழியில்லை. கலியாணம் முடிந்து இரண்டு நோன்பு கழிந்தும், மாமி அவன் முன்னால் வந்து நின்றதுமில்லை, ஒரு வார்த்தை கதைத்ததுமில்லை. மருமகனோடு கதைப்பதற்கு அவ்வளவு வெட்கம். எல்லாம் ஹிமாயா வழியாகத்தான் வரும். "மீன் போதுமாண்டு உம்மா கேக்குறா." "தேத்தண்ணி நல்லமாண்டு உம்மா கேக்குறா." தேத்தண்ணி பாணியாக இனிக்கும். அவனும் மரியாதைக்கு, "ஓம், நல்லம்" என்று சொல்லிச் சொல்லியே விழுங்கிக்கொண்டிருந்தான்.

கச்சான் காற்று தொடங்கி ஊரே வெந்து கிடந்த ஒரு கிழமையில் ஸப்ரி முடிவெடுத்துவிட்டான். கடைக்குப் பக்கத்தில் வாடகை வீடு ஒன்றை வீட்டுத் தரகன் றஸாக் காட்டினான். வெள்ளிக்கிழமை திறப்புக் கொத்தைக் கையில் வாங்குவதாகப் பேச்சு.

ஹிமாயா அழவில்லை, அழுதிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். "வாப்பா இந்த ஊட்ட யாருக்குக் கட்டின? நாம போனா, மாப்புள கோவிச்சிட்டுப் போயிட்டார்ண்டு தெருவே கதைக்கும். உம்மா அதுக்குப் பிறகு வெளிய தல காட்டுவாவா?" என்றாள்.

"கோவமில்ல புள்ள, வெக்க" என்றான் அவன். கேட்கவே நன்றாக இல்லை. சூட்டுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிய ஏசிக்காரன் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை அக்கரைப்பற்றில் கரண்ட் போய்விட்டது. கடையைப் பூட்டிவிட்டு நேரத்தோடு வந்தான். தண்ணீர்க் குழாய் போட அவர்களுடைய ஒழுங்கைத் தெருவைக் கிண்டி வைத்திருந்தார்கள். பைக்கைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். யன்னல் சீலை மேலே எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. சாய்கதிரையில் மாமா வாய் திறந்து உறங்க, அவருடைய சாரன் படபடத்தது. கடற்காற்று ஸப்ரியின் பிடரியைத் தொட்டு, ஹோலைக் கடந்து, குசினிக்குள் புகுந்து பின்வாசலால் போய்க்கொண்டிருந்தது. ஹோலின் நடுவில் பாய் போட்டு, காலை நீட்டி, மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இது எந்த வீடு என்று அவனுக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மாமி துடித்து எழுந்தார். முக்காட்டை ஒரு கையாலும் சுளகை ஒரு கையாலும் அள்ளிக்கொண்டு குசினிக்குள் பாய்ந்தார். கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. அதே நொடியில் யன்னல் சீலை தொய்ந்து விழுந்தது. மாமாவின் சாரன் அடங்கியது. பழைய புழுக்கம் வந்து ஸப்ரியின் தோளில் கை போட்டது.

ஊரெல்லாம் போய்க் காற்றுக்கு வழி சொன்னவன் வாயைப் பிளந்து நின்றான். இந்த வீட்டின் சூடு வேறு யாருமல்ல, அவனேதான். ஒவ்வொரு நாளும் ஒழுங்கைக்குள் பைக் சத்தம் கேட்டதும் மாமி கதவைச் சாத்தியிருக்கிறார். அவன் இல்லாத நேரமெல்லாம் வீடு குளிர்ந்து கிடந்திருக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்ததாக நினைத்தது சிரிக்கவிடவில்லை. "மாமி குசினிக்குள்ள எவ்வளவு நேரம் இரிப்பா?" என்று, சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த ஹிமாயாவிடம் கேட்டான்.

"நீங்க ரூமுக்குள்ள போற வரைக்கும். அடுப்பும் எரியும். வேர்த்து ஊத்தும் அவவுக்கு."

தான் ஏசிக்குள் படுத்துக்கொண்டு இந்த வீட்டைக் குறை சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"கதவத் திறந்து வைக்கச் சொல்லன்."

"நல்ல கத! நீங்க சொன்னீங்கண்டு சொன்னா, உம்மா வெக்கத்துல பெரியம்மா ஊட்ட போயிருவா."

"சீல தொங்க உட்டா?"

"முதல் சீலதான் இரிந்த. காத்து தூக்கிப் போட்டுட்டு. அதுக்குப் பிறகுதான் கதவு."

வியாழக்கிழமை மாமியும் ஹிமாயாவும் மருதமுனைக்குக் கலியாண வீடு போனார்கள். அவர்கள் தெரு முனையைத் தாண்டியதுமே ஸப்ரி தச்சு வேலை செய்கிற ஓடாவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். முந்தின நாளே அளவு கொடுத்துச் செய்வித்த குசினிக் கதவு: பலகைக்குப் பதிலாக, சாய்த்து அடித்த சட்டங்கள், இடையிடையே இடைவெளி. காற்று நுழையும், கண் நுழையாது. சரியா என்று பார்க்க மாமாவைப் பிடித்துக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான்.

"மாமா, கைய ஆட்டுங்க!"

"ஆட்டிட்டுத்தான் நிக்கன் மகன்!"

"ஒண்டும் தெரியல்ல!"

"எனக்கு உங்களயும் தெரியல்ல. இந்த வயசுல என்னக் குசினிக்குள்ள பூட்டி விளையாடுறீங்களே!" என்றார் மாமா. பொரித்து வைத்திருந்த மீனை அவர் உள்ளே தின்றுகொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

பின்னேரம் மாமி பின்வாசலால் குசினிக்குள் வந்தார். கதவைப் பார்த்தார். வழக்கம் போலச் சாத்திக்கொண்டார். ஸப்ரி ஹோலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யன்னல் சீலை ஒருமுறை யோசித்தது. பிறகு மெல்ல எழும்பி ஆடத் தொடங்கியது.

ஹிமாயா உடுப்பு மாற்ற அறைக்குள் போயிருந்தாள். மாமா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

"மகன்."

ஸப்ரி சுற்றுமுற்றும் பார்த்தான். குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனி எப்பிடி? இவ்வளவு நாளும் அவள் சொன்ன அளவுக்குத்தான் போட்டன்."

"கொஞ்சம்... பாதியாக் குறைச்சாலும் நல்லம் மாமி."

"அல்லாஹ்வே!" என்றது கதவு. சீனிப் போத்தலை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "நாளைக்குத் திறப்பு எடுக்கிற ஊட்டுல இப்பிடிக் காத்து வருமா மகன்?"

ஸப்ரி கதவுப் பக்கம் திரும்பினான். "வராது மாமி" என்றான். பொய்யில்லை, அந்த வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது.

அங்கேயே இருந்து, உள்ளே கேட்கும்படி றஸாக்குக்கு ஃபோன் எடுத்தான். "றஸாக், அந்த ஊடு வேணா. வேற ஆளுக்குக் குடுங்க... இல்ல, சண்ட ஒண்டுமில்ல. அங்க காத்து இல்ல."

"ஏசி பூட்டுற மனிசனுக்கு என்னத்துக்கு வாப்பா காத்து?" என்று றஸாக் போட்ட சத்தம் ஃபோனைத் தாண்டி ஹோல் முழுக்கக் கேட்டது.

கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமிக்குச் சிரிப்பு இப்படி இருக்கும் என்று ஸப்ரிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.