நிற்பதற்குச் சம்பளம்

நெட்டைக்கு வேலை, நிற்பது. கேலி இல்லை, உண்மையாகவே அதுதான் வேலை. படப்பிடிப்பில் கதாநாயகன் எந்த இடத்தில் நின்று பேசப்போகிறாரோ அந்த இடத்தில் இவன் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். கேமராமேன் இவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து விளக்குகளை ஏற்றுவார், இறக்குவார், திருப்புவார். எல்லாம் சரியானதும் கதாநாயகன் ஏசி வண்டியிலிருந்து இறங்கி வருவார், இவன் நகர்ந்துகொள்வான். இருவரும் ஒரே உயரம், ஒரே நிறம். அந்த உயரம்தான் இவன் வீட்டில் அடுப்பை எரியவைத்தது.

ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே! சாப்பாட்டு வேளையில் தட்டைக் கையில் எடுத்தால் போதும், கதாநாயகனின் சம்பளத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். நானும் அதே இடத்தில்தான் நிற்கிறேன், அதே வெளிச்சத்தில்தான் வேகிறேன், அவரைவிட நான் நிற்கிற நேரம்தான் அதிகம், அவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்பான். லைட்மேன்கள் சிரிப்பார்கள். நீ சொல்வதும் நியாயம்தான் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான், அதை அவனும் மறைத்ததில்லை.

வீட்டில் இந்தப் பாட்டு எடுபடாது. மனைவி ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். கவுண்டரில் எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, அவர் நடித்த படம்தானே என்றுதான். கதை என்ன, யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லையாம்.

"அந்த மூஞ்சிக்குத்தான் காசு வருது. அதுல கொஞ்சம் வழிஞ்சு நமக்கும் வருது. பேசாம நின்னுட்டு வாங்க" என்பாள். நீயும் அவர் கட்சியா என்று இவன் முறுக்கிக்கொள்வான்.

அந்தச் சமயம் பார்த்துக் கதாநாயகன் சம்பளத்தை இன்னும் ஏற்றிக் கேட்டார். தயாரிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மதியம் தட்டோடு வந்து இவர்கள் நடுவில் உட்கார்ந்தார். யாரிடமாவது புலம்பினால் தேவலை என்றிருந்ததோ என்னவோ, நெட்டையைப் பார்த்து, அவர் கேட்பதைக் கொடுக்கலாமா, நீ என்ன சொல்கிறாய் என்றார்.

மற்றவர்கள் குனிந்து சாப்பாட்டில் கவனமானார்கள். நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியே யோசனை கேட்கிறாரே!

"சும்மா வந்து நிக்கிறதுக்கு எதுக்கு சார் அவ்வளவு சம்பளம்? வேற யாரையாவது நிக்க வெச்சா ஆச்சு."

தயாரிப்பாளர் தலையாட்டினார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த படத்துக்கு ஒரு புதுமுகத்தைப் போட்டார்கள். பழையவருடைய கார் செலவுக்குக்கூடக் காணாத சம்பளமாம். எல்லாம் என் யோசனை என்று நெட்டை வீட்டில் மார்தட்டிக்கொண்டான். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புதுசா வர்றவர் என்ன உயரம்?"

முதல் நாள் அது தெரிந்தது. வழக்கம்போல நெட்டையை நிறுத்தி விளக்கெல்லாம் வைத்து முடித்தார்கள். புதுமுகம் வந்து நின்றார். இவன் தோளுக்குத்தான் இருந்தார். வெளிச்சம் அவர் தலைக்கு மேலே போய்ச் சுவரில் விழுந்தது, முகம் இருட்டில் கிடந்தது. குள்ளமாக ஓர் ஆளைப் பிடித்து வாருங்கள் என்று கேமராமேன் சொன்னதும் நெட்டை மனசுக்குள் கணக்குப் போட்டான். பழையவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே அவருக்காக நிற்க வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இந்த இடமும் போனால் மனைவியின் சம்பளம் வாடகைக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

"ஆள் எதுக்கு சார், நானே இருக்கேனே" என்று முட்டியை மடக்கினான். மடக்கி, இன்னும் மடக்கி, புதுமுகத்தின் அளவுக்கு வந்து நின்றான். "பாருங்க, சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. கேமராமேன் பாவப்பட்டு வேலையை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. தலை ஆடினால் வெளிச்சம் தவறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். சும்மா நிற்பது இவ்வளவு பாடா என்று அன்றுதான் அவனுக்கே உறைத்தது.

தயாரிப்பாளர் வந்தார். குறுகி நிற்கிறவனைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நெட்டை சிரித்துக்கூட வைத்தான்.

"ஏம்பா, நீ அன்னிக்குச் சொன்னதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சும்மா நிக்கிறதுக்கு எதுக்குச் சம்பளம்?"

கோபம் எதுவும் இல்லை அவரிடம். நல்ல யோசனை எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்கிற மனுஷர். உடை அறையிலிருந்து ஒரு பொம்மைத் தலையைக் கொண்டுவரச் சொன்னார். அதை ஓர் இரும்பு ஸ்டாண்டில் செருகி, புதுமுகத்தின் உயரத்துக்கு இறக்கி, நெட்டை நின்ற இடத்தில் வைத்தார்கள்.

நெட்டை நிமிர்ந்தான், முட்டி வலித்தது. இது வெறும் நிற்பது இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தான். பழைய கதாநாயகனும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

ஸ்டாண்ட் லேசாக ஆடியது. யாராவது பிடியுங்கள் என்று கேமராமேன் குரல் கொடுத்தார். பக்கத்தில் நெட்டைதான் இருந்தான். தரையில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் தலை தெரியாமல் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இதுக்குச் சம்பளம் உண்டா சார்?" என்று கேட்டான்.

"சும்மா பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கே?" என்றார் தயாரிப்பாளர்.