பின்சீட்டுக்காரி

"பாலம்" என்று அவர் சொன்னபோது முன்சக்கரம் மரப்பலகை மேல் ஏறித் தடதடத்துக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் இருந்த அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். கோட்டை வாசலைத் தாண்டிக் கால்வாய்க் கரைக்கு இறங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை. முதலில் ஒரு வேகத்தடை. பிறகு ஒரு வளைவு. சைக்கிள் சாய்ந்து முடித்த பிறகுதான் "வளைவு" என்ற சொல் வந்தது. இப்போது பாலம்.

இரண்டு பேர் மிதிக்கும் நீளமான சைக்கிள் அது. தெருவில் அதற்கு 'ரயில்' என்று பெயர். முன்சீட்டில் அவள் கணவர். ஹேண்டில், பிரேக், கியர், மணி எல்லாம் அவர் வசம். பின்னால் அவளுக்கு இரண்டு பெடலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் மட்டும். இருபது வயதில் பார்வை போனவளுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை. அவர் வாய்தான் இருந்ததே! எது வந்தாலும் மூன்று நொடி முன்னால் சொல்லிவிடுவார். மேடு, வளைவு, பாலம், நிறுத்துகிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு அது தூக்கத்திலும் வரும். ஒன்பது வருஷமாக ஞாயிறு காலையில், அந்தப் பழைய நகரத்தைச் சுற்றிக் கால்வாய்க் கரையோடு அறுபது கிலோமீட்டர். ஒரு தடவைகூட அந்த மூன்று நொடி இரண்டாகக் குறைந்ததில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவள் மருத்துவமனையின் தொலைபேசி அறையில் உட்கார்ந்து ஊரார் பதற்றத்துக்கெல்லாம் பதில் சொல்லுவாள். வீட்டுக்குப் போகும்போது கோலைத் தட்டித் தட்டி நடப்பாள். வேகம் என்ற ஒன்று அவளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது. அதனால் பாலம் தாமதமாக வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல்தான். இந்த மனுஷன் எதையோ யோசித்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று நினைத்தாள்.

எதிரே ஒரு சைக்கிள் மணி கேட்டது. தூரத்திலிருந்தே அடித்துக்கொண்டு வந்தான். கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. ரயில் ஒதுங்கவே இல்லை. கடைசி நிமிஷத்தில் அந்த ஆள் "யோவ்! கண்ணு தெரியலையா?" என்று கத்திக்கொண்டு புல்லில் இறங்கிப் போனான்.

"திமிர் பிடிச்சவன்," என்றார் அவர்.

"என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று அவள் கேட்டாள்.

"நீலம்."

பட்டென்று வந்தது பதில். அதுதான் அவள் சந்தேகத்தைக் கிளப்பியது. உண்மையில் பார்த்தவர்கள் இப்படிச் சொல்வதில்லை. "எதுக்குக் கேக்கறே?" என்பார்கள், "கவனிக்கலையே" என்பார்கள். தயாராக ஒரு நிறத்தை வாயில் வைத்துக்கொண்டு திரிவது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஐந்து மாதம் அப்படித் திரிந்தவள். கல்லூரியில் பலகையில் எழுதியது தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லாமல், படிகளை எண்ணிக்கொண்டு, எங்கே போனாலும் "நீ முன்னால போ" என்று தோழியைத் தள்ளிவிட்டு, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று வாரத்துக்கு நாலு தடவை புளுகி, வீட்டில் அத்தனை பேர் காதிலும் பூச் சுற்றியவள்.

அவள் மனம் கணக்குக் கூட்டத் தொடங்கியது. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. காலையில் அவளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறவர், "எல்லாம் குப்பைச் செய்தி" என்று சொல்லி நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது? எட்டு. முட்டி வலிக்கிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கி, டிப்போவில் சாவி வாங்கி வைக்கிற வேலைக்குப் போய் எத்தனை மாதம்? அதுவும் எட்டு. முட்டி வலிக்காரர் வாராவாரம் அறுபது கிலோமீட்டர் மிதிக்கிறாரே என்று இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் மரமண்டையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆக, இந்தப் பாதையை அவர் பார்த்து ஓட்டவில்லை. மனப்பாடமாக ஓட்டுகிறார்.

இடது பக்கம் கால்வாய். கரை செங்குத்து என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் காற்று. சமதரை, தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ரயில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இப்போது போய் "உங்களுக்குக் கண் தெரியலை, இல்லையா?" என்று கேட்டால் என்ன ஆகும்? திடுக்கிட்டு ஹேண்டிலை ஒரு விரற்கடை திருப்பினாலும் இரண்டு பேரும் தண்ணீரில்.

அவள் மிதிப்பதை மெல்லக் குறைத்தாள்.

"என்ன, களைச்சிட்டியா?"

"கால் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் நிறுத்துங்க."

"மதகு வரட்டும். இன்னும் பத்து நிமிஷம்தான். அங்க பெஞ்சு இருக்கு, உட்கார்ந்து நீட்டிக்கலாம்."

"இப்பவே நிறுத்துங்களேன்."

"இங்க எடம் சரியில்லம்மா. காத்து நல்லா தள்ளுது, விடக் கூடாது. நீ மிதிக்க வேண்டாம், காலைச் சும்மா வை. நான் இழுக்கறேன்."

அந்தக் குரலில் இருந்த உற்சாகம் அவளைப் பயமுறுத்தியது. இடம் சரியில்லை என்பது பொய். இடம் எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தெரிந்த இடத்தில் மட்டும்தான் நிற்கப் பார்க்கிறார். அவள் காலைச் சும்மா வைக்கவில்லை. பெடலைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்தாள். அவர் இன்னும் பலமாக மிதித்தார். இரண்டு பேர் கால்களும் ஒரே சங்கிலியில் மல்லுக்கு நின்றன.

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. நேர் எதிரே, பாதையின் குறுக்கே, காற்றில் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். துணி இல்லை. பிளாஸ்டிக். சாலை வெட்டினால் குறுக்கே கட்டுவார்களே, அந்த நாடா.

அவர் சொல்லட்டும் என்று காத்தாள். இப்போது சொல்வார். இதோ சொல்லிவிடுவார். ஒன்று. இரண்டு.

சொல்லவில்லை.

"பிரேக்!" என்று கத்தினாள். "பிரேக் போடுங்க! பிரேக்!"

ஒன்பது வருஷத்தில் பின்சீட்டிலிருந்து ஒரு கட்டளை போனதில்லை. இருந்தும் அவர் கை கேட்டது. இரண்டு பிரேக்கும் சேர்ந்து கிறீச்சிட, ரயில் பின்னால் வாலை வீசிச் சறுக்கியது. அவள் முழங்கை எதிலோ இடித்தது. நாடா அறுந்து முகத்தில் அடித்தது. அடுத்து சரளைக்கல்லும் புல்லும் உள்ளங்கையில் ஏற, இருவரும் பக்கவாட்டில் விழுந்தார்கள். முன்சக்கரம் மட்டும் எதையும் தொடாமல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே எங்கோ ஆழத்தில் மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"அடிபட்டுச்சா? எங்க இருக்கே? பேசு!" அவர் தவழ்ந்து வந்து அவள் தோளைத் தொட்டார்.

"ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

"எனக்கென்ன." மூச்சு வாங்கியது அவருக்கு. "பாரு, எவ்ளோ பெரிய பள்ளம் வெட்டிப் போட்டிருக்கான். ஒரு போர்டுகூட வைக்கலையே! இவனையெல்லாம் என்ன பண்றது? நாளைக்கே போய் புகார் கொடுக்கறேன்."

அவள் எழுந்தாள். கையை நீட்டிக்கொண்டு வந்த வழியே இரண்டடி பின்னால் போனாள். முழங்கை இடித்த இரும்பு அங்கேயே நின்றது. மேலும் கீழும் தடவினாள். அவள் உயரத்துக்கு இருந்தது. இரண்டு கை விரித்தாலும் அடங்காத அகலம். மடக்கிய விரலால் அதைத் தட்டினாள். தகரம் டமடமவென்று அதிர்ந்தது.

"அப்போ இது என்னங்க?"

அவள் இன்னொரு தடவை தட்டினாள்.

"போதும்," என்றார் அவர். "போதும்மா."

புல்லில் உட்கார்ந்தபடியே சொன்னார். நடுவில் மட்டும் புகை மாதிரி. ஓரம் தெரியும், புல் தெரியும், தண்ணீர் தெரியும்; நேர் எதிரே இருக்கிறது எதுவும் தெரியாது. மருத்துவர் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். டிப்போவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரே போய் மேலாளரிடம் கேட்டு இறங்கிக்கொண்டார்.

"நீங்களே கேட்டீங்களா?"

"அறுபது பேர் ஏர்ற வண்டிம்மா. தெரிஞ்சுக்கிட்டே எப்படி ஓட்டறது?"

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அறுபது பேரை இறக்கி விட்டீங்க. என்னை மட்டும் ஏத்திக்கிட்டீங்க, இல்ல?"

அவர் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். கால்வாயில் வாத்துகள் ஏதோ சச்சரவு பண்ணிக்கொண்டிருந்தன. "ஞாயித்துக்கிழமை போயிடுமேன்னு பயந்தேன்," என்றார். "உனக்கு வேற என்ன இருக்கு? எனக்குத்தான் வேற என்ன இருக்கு? அதுவும் உன்கிட்ட போய் எப்படிச் சொல்றது, உனக்கே..."

"என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவீங்க? இந்த விஷயத்துல எனக்கு மேல படிச்சவ இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அது அடங்கியதும், சின்னக் குரலில், "உன் முகம் தெரியல. நேரா பார்த்தா தெரியல. எட்டு மாசம் ஆச்சு," என்றார்.

"நான் உங்க முகத்தைப் பார்த்ததே கிடையாது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தலையா?"

சொல்லிவிட்டு அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கை எரிந்தது. அவர் தன் சட்டையில் அதைத் துடைத்துவிட்டார். ரயிலை இழுத்துப் பள்ளத்திலிருந்து மீட்டுப் புல்லில் கிடத்தினார்கள். சக்கரம் கோணவில்லை, பிரேக் பிடித்தது. அதுதான் வினையாகப் போனது. அவர் குரலில் மறுபடியும் அந்த உற்சாகம் தலைகாட்டியது.

"பதினாலு கிலோமீட்டர்தான் இருக்கு. மெதுவா போலாம். உனக்குக் காது இருக்கு, எனக்கு ஓரம் தெரியுது. நீ கேட்டுச் சொல்லு, நான் திருப்பறேன். இப்பக்கூடப் பாரு, நீ சொன்னே, நான் பிடிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்தா..."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; மணிக்கூண்டு அடிக்கும் முன் ஊருக்குள் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறும் வரலாம், அதற்கடுத்த ஞாயிறும்.

"காத்து இன்னிக்குப் பின்னாடியிருந்து அடிச்சிருந்தும் அந்த நாடா எனக்குக் கேட்டுச்சு. நாடாவைக் கட்டாம விட்டிருந்தா?" என்றாள். "எதிர்ல குழந்தை நடந்து வந்தா? குழந்தை படபடன்னு அடிச்சுக்காதுங்க."

அவள் பையிலிருந்து போனை எடுத்துத் தன் தம்பியை அழைத்தாள். தம்பிக்குத் தச்சு வேலை. பலகை ஏற்றுகிற வேன் இருந்தது. முக்கால் மணியில் வருகிறேன் என்றான். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "உங்க அத்தானுக்குக் கண்ணு போயிடுச்சுடா, வந்து கூட்டிட்டுப் போ," என்று உடைத்தே சொன்னாள். பக்கத்தில் அவர் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு நீளமாக வெளியே வந்தது. யாரோ ஒருவர் வாயால் அது சத்தமாக வெளியே வந்துவிட்டதில் அவருக்கு நிம்மதிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இனிமே ஞாயித்துக்கிழமை?" என்றார்.

"தம்பிக்கு வயிறு முன்னாடி வந்துடுச்சு. அவனை முன்சீட்டுல ஏத்திட வேண்டியதுதான்."

"அப்போ நான்?"

பின்னால் இருப்பது ஒரே சீட். விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. வாரத்தில் அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீங்க," என்றாள் கடைசியில்.

"வேண்டாம்மா. அது உன் சீட்டு."

"என் சீட்டுதான். நான்தான் கொடுக்கறேன். முதல் வாரம் நீங்க." "முன்னாடி இருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பி மிதிக்கிறது எப்படி இருக்கும்னு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க."