பலகை பிடிக்கிறவள்

புது டர்போ மாட்டிய இஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, மாட்டியவர்தான் பலகை பிடிக்க வேண்டும். தொம்மலூர் பழைய ஊருக்குள், கண்ணாடி ஆபீஸ் கட்டடத்தின் முதுகுப்பக்கம் வண்டி ரிப்பேர் பார்க்கிற அந்தத் தகரக் கொட்டகையில் இதுதான் சட்டம். சட்டம் போட்டவன் ரகு. அதற்குக் கட்டுப்பட்டுப் பலகையோடு நின்றுதான் போன வருஷம் அவன் செத்தான். அவன் மனைவி பாஞ்சாலிக்கு அன்றிலிருந்து துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். யார் மேல் என்கிறீர்களா? செத்தவன் மேல்தான்.

பலகை என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சோறு தின்னும் தட்டு அகலத்துக்கு ஒரு மரத்துண்டு, ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் லாரி டியூப் ரப்பர். டீசல் இஞ்சின் இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. சாவியைத் திருப்பினால் நிற்கும் என்று நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ வழியாக ஆயில் கசிந்து உள்ளே போய்விட்டால், டீசலை நிறுத்தினாலும் அந்த ஆயிலைக் குடித்தே ஓடும். குடிக்கக் குடிக்க வேகம், வேகம் ஏற ஏற இன்னும் ஆயில். யாராலும் பிடிக்க முடியாது, கடைசியில் உடைந்து சிதறும். அப்போது செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். காற்று இழுக்கும் வாயை அடைத்து அதன் மூச்சை நிறுத்த வேண்டும். கையால் அடைத்தால் கை போய்விடும், அதற்குத்தான் பலகை.

அன்று ரகுவின் கையில் பலகை இருந்தது. இஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவன் அடைக்கவில்லை. இஞ்சின் உடைந்து இரும்புத்துண்டு ஒன்று நெஞ்சில் பாய, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கொட்டகையைக் கழுவிய அன்று, ரகுவின் தம்பி சீனு பலகையை எடுத்து வந்து கொடுத்தான். அந்த வாரம்தான் அதில் புது ரப்பர் ஒட்டியிருந்தார்கள். ஒரு தடவை அடைத்தாலே ரப்பரில் வட்டமாக அச்சு விழும். பாஞ்சாலி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"மரம் மாதிரி நின்னிருக்காரு பாரு சீனு," என்றாள். "கையில வச்சுக்கினு நின்னிருக்காரு. ஒரு எட்டு முன்னால வெச்சிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பாரு. நம்மளப்பத்தி நெனப்பே வரலியா இந்த மனுஷனுக்கு?"

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இதையேதான் சொன்னாள். விதி என்றவர்களிடம் எரிந்து விழுந்தாள். விதியாவது மண்ணாவது! பலகை கையில் இருந்ததே.

அதற்குப் பிறகு கொட்டகையில் கிளட்ச், பிரேக், சாதாரண சர்வீஸ் மட்டும்தான். டர்போ மாட்டிப் பவர் ஏற்றச் சொல்லி வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஆனேக்கல் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் மஞ்சுநாத் தன் பழைய டீசல் பிக்கப்போடு வந்தபோதும் முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அவனுக்குச் சேற்றுப் பந்தயப் பைத்தியம். முழங்கால் சேற்றில், மேட்டில், மற்ற வண்டிகள் திணறி நிற்கிற இடத்தில் தன் வண்டி ஏற வேண்டும். எழுபத்தைந்து எச்.பி. வண்டியை இருநூறுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்றான்.

பாஞ்சாலி பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, "வண்டிய வுட்டுட்டுப் போ," என்றாள்.

சீனு பதறிப்போனான். "அண்ணி, இன்னாத்துக்கு இந்த வேலை? அண்ணன் போனது போதாதா?"

"அவரு நின்ன எடத்துல நானும் ஒரு தபா நின்னு பாக்கணும் சீனு. ஏன் அடைக்காம நின்னாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம எனக்கு இந்த ஆத்திரம் தீராது. அவரு போட்டோவுக்கு ஒரு பூகூட என்னால வைக்க முடியல, தெரியுமா உனக்கு?"

அவளுக்கு வேலை தெரியாதா என்ன? கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜே.சி. ரோட்டில் டீசல் பம்பு ரிப்பேர் கடையில் கை பழகியவள். ரகுவும் அவளும் சேர்ந்துதான் இந்தக் கொட்டகையைப் போட்டார்கள். முதலில் பிரேக்கை மாற்றினாள். பிறகுதான் இஞ்சினில் கை வைத்தாள். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித் தடித்த போல்ட்டுகள் போட்டாள். டீசலைப் பீய்ச்சப் பெரிய இன்ஜெக்டர், பம்பில் கூடுதல் டீசல், முன்னால் காற்றைக் குளிர வைக்க இன்டர்கூலர், இழுவை தாங்குகிற கிளட்ச். கடைசியில் டர்போ. அதிலிருந்து ஆயில் திரும்பி இறங்குகிற குழாய் எங்கேயும் மடங்கக்கூடாது, மடங்கினால் ஆயில் தேங்கி இஞ்சின் வாய்க்குள் போய்விடும். அந்தக் குழாயை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சீனு ஸ்பேனரை நீட்டியபோது, "தொடாத. நாந்தான் மாட்டணும்," என்று அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கண்ணாடி ஆபீஸ் காலியாக இருக்கிற நாள்தான் இங்கே முதல் ஸ்டார்ட் வைப்பார்கள். மஞ்சுநாத் தன் மாமனார், மச்சினர்களோடு வந்திருந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் மஞ்சள் குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. பாஞ்சாலி மஞ்சுநாத்தை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு, மற்ற எல்லோரையும் மதிலோரம் தள்ளி நிறுத்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையை எடுத்தாள்.

"நான் புடிக்கிறேன் அண்ணி," என்றான் சீனு.

"மாட்டினது யாரு?"

அவன் ஒதுங்கினான். அவள் டர்போவின் காற்று இழுக்கும் திறந்த வாய்க்கு முன்னால், ரகு நின்ற அதே எண்ணெய்க் கறைத் தரையில் நின்றாள்.

"மஞ்சுநாத், ஸ்டார்ட் பண்ணி சும்மா வுடு. நான் தலையாட்டினா மட்டும் ஆக்சிலேட்டர் குடு. புரிஞ்சுதா?"

"ஆய்த்து அக்கா, புரிஞ்சுது!"

சாவி திரும்பியது. இஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை கொஞ்சம் வந்து அடங்கியது. மதிலோரம் கை தட்டினார்கள். அப்புறம் சத்தம் ஏற ஆரம்பித்தது.

அவள் தலையாட்டவில்லை. ஆனாலும் சத்தம் ஏறியது. டர்போ விசிலடித்தது. அடித்தொண்டையிலிருந்து எழும்பி, கனத்து, ஒரே சீராக மேலே மேலே போனது. பாஞ்சாலி நிமிர்ந்து, தூக்கிய பானெட் ஓரமாக, வண்டிக் கண்ணாடி வழியாக மஞ்சுநாத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவும் முடியாது. அவன் மிதிக்கிறானா, இல்லை தானாகவே பிய்த்துக்கொண்டு போகிறதா? இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

அய்யோ, எவ்வளவு நல்ல சத்தம் அது! இத்தனை நாள் முதுகு ஒடியக் குனிந்து வேலை பார்த்தது இதைக் கேட்கத்தானே. ஒவ்வொரு போல்ட்டையும் இதற்காகத்தானே முறுக்கினாள். இன்னும் கொஞ்சம் கேட்கலாம், இதோ இறங்கிவிடும் என்று மனசு கெஞ்சியது. அவள் கையே பலகையைக் கொஞ்சம் தாழ்த்தியது. போன வருஷம் ரகு பலகையோடு நின்ற அன்று, உள்ளே கற்பூரம் தேடிக்கொண்டிருந்தபோது இதே சத்தம் காதில் விழுந்து, "அப்பாடா, நல்லா வந்துடுச்சு" என்று தானும் சிரித்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பாஞ்சாலி ஒரு எட்டு முன்னால் வைத்துப் பலகையை அறைந்து அழுத்தினாள்.

இஞ்சின் விக்கி, வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கி, நின்றது. அந்த அமைதியில் காது கொய்யென்றது.

மஞ்சுநாத் கதவைத் திறந்து குதித்தான். "ஏனக்கா இது! நான்தானே மிதிச்சேன்! எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க, ஆசையில கொஞ்சம் மிதிச்சுட்டேன். பூஜை போட்ட வண்டி, ஃபர்ஸ்ட் ஸ்டார்ட்லயே மூச்சடைச்சு நிறுத்திட்டீங்களே! அபசகுனம் அக்கா!"

மாமனாரும் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாஞ்சாலி குனிந்து டர்போ வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஆயில் இல்லை. இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

"ஆமாம்பா, தப்பாத்தான் அடைச்சுட்டேன்," என்றாள். "வண்டி நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

மஞ்சுநாத்துக்கு என்ன புரிந்ததோ, தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பரில் வட்டமாக அச்சு விழுந்திருந்தது. சீனு பக்கத்தில் வந்து நின்றதும் அதை அவனிடம் காட்டினாள். அதுவரை ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"உங்கண்ணன் மரம் மாதிரி நிக்கல சீனு. பயந்தும் நிக்கல. கேட்டுக்கினு இருந்திருக்காரு. அவ்ளோதான்பா. அவரு கட்டின இஞ்சின் பாடுறத கேட்டுக்கினு இருந்திருக்காரு. எனக்கே அடைக்க மனசு வரல. அந்த மனுஷனுக்கு எப்பிடி வரும்?"

சீனு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு வருஷமாக அவள் முன்னால் அழப் பயந்திருந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள மாடத்துல அவரு போட்டோ இருக்கு. பூஜைக்கு வாங்கினதுல மிச்ச மல்லி இருக்குமே, போய் வெச்சுட்டு வா. நான் இங்க இருக்கணும்."

சீனு பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பாஞ்சாலி மறுபடி அதே இடத்தில் போய் நின்றாள்.

"ஸ்டார்ட் பண்ணு மஞ்சுநாத். இந்தத் தபா நான் சொல்ற வரைக்கும் கால வெக்காத."

இஞ்சின் எழுந்தது. மெதுவாக ஓட விட்டு, காது கொடுத்துக் கேட்டு, அவள் தலையாட்டினாள். சத்தம் ஏறியது. நன்றாகவே இருந்தது, ரகு கட்டியது போலவே இருந்தது. கண்ணில் நீர் வழிய அவள் அதை முழுசாகக் கேட்டாள். மஞ்சுநாத் சாவியைத் திருப்ப, வண்டி அடங்குகிறவரை அவள் பலகையைக் கீழே இறக்கவில்லை.