எறும்பின் வெள்ளைப் பூச்சு

நொயெலி காலையில் தோட்டத்துக்குப் போனபோது, புதிதாக நட்ட திராட்சைக் கன்றுகளில் இரண்டு வரிசை மொட்டையாக நின்றது. இலை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. அவள் கையைக்கூடக் கழுவாமல் தங்கை இவானிருக்குப் போன் போட்டாள்.

"உன் செல்லங்க வந்து விருந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்குதுங்கடி. வந்து பாத்துட்டுப் போ."

"அக்கா, மருந்து கிருந்து வச்சுடாதே. மழை விட்டதும் நானே வந்து கூட்டோட தோண்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

"அதுவரைக்கும் மிச்சக் கன்னுக்கு நீ காவல் இருப்பியா?"

"சனிக்கிழமை வந்துடறேன். சத்தியமா."

"சரி, வந்து தொலை" என்றாள் நொயெலி.

இவானிர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இந்த இலைவெட்டி எறும்புகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவை இலையைத் தின்பதில்லை. மென்று மண்ணுக்கடியில் பரப்பி, அதில் காளான் வளர்த்து, அதைத்தான் உண்கின்றன. வயலுக்குக் களைபோல அந்தக் காளானுக்கு ஒரு பச்சைப் பூசணம் எமன். எறும்பின் மார்பில் மாவு பூசியதுபோல வெள்ளையாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தப் பூசணத்தை ஒடுக்கும் மருந்தைச் சுரக்கின்றன. ஆனால் அவளிடம் ஒரு முரட்டுப் பூசணம் இருந்தது. எந்தக் கூட்டின் பாக்டீரியாவுக்கும் அது மசியவில்லை. போன இலையுதிர் காலத்தில் அக்கா வீட்டுக் கொட்டகை ஓரத்திலிருந்து பிடித்துவந்த எறும்பின் பாக்டீரியா மட்டும்தான் அதைத் தடுத்தது. அதையும் ஒரே ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு அதை வளர்த்த கண்ணாடித் தட்டில் வேறு ஏதோ கிருமி புகுந்து எல்லாம் பாழாகிவிட்டது.

சனிக்கிழமை மண்வெட்டியோடு அவள் வந்தபோது கூட்டின் வாசலில் அசைவே இல்லை. தடத்தில் ஆரஞ்சுச் சக்கைக் குருணை இரண்டு மூன்று சிதறிக் கிடந்தது. எறும்புகள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போகும் விஷக் குருணை.

அக்காவின் கணவர் வால்மோர் மாத்தே என்னும் கசப்புத் தேநீரைக் குடுவையிலிருந்து உறிஞ்சியபடி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நான்தான் வச்சேன். எறும்புக்குப் பாவம் பாத்தா திராட்சை யார் தருவா, உன் யுனிவர்சிட்டியா?"

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா அத்தான்?"

"எறும்பு பொறுக்குதா?"

இவானிர் அக்காவைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அவரு பொட்டலத்தை எடுத்துட்டுப் போறப்போ பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொல்லல. எனக்கும் கன்னு வேணும்லடி."

இவானிர் கொட்டகை ஓரம் போய்த் தோண்டத் தொடங்கினாள். மழையில் ஊறிய மண் கட்டிகட்டியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நொயெலி இன்னொரு மண்வெட்டியோடு வந்து எதிர்ப்பக்கம் நின்று தோண்டினாள்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு அறைதான். ராணி கால்கள் மடங்கிச் செத்துக் கிடந்தது. சாம்பல் நிறக் கடற்பஞ்சுபோல இருக்கவேண்டிய காளான் முழுக்கப் பச்சை பூத்துச் சரிந்திருந்தது. பராமரிக்க ஆளில்லாத தோட்டத்தில் பூசணம் புகுந்துவிட்டது.

"அங்க பாரு" என்றாள் நொயெலி. ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டு பச்சை படாமல் இருந்தது. அதன்மேல் சில எறும்புகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மார்பு வெளுத்திருந்தது.

இவானிர் அந்தத் துண்டை டப்பாவில் எடுத்துவைத்தாள். அக்கா சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ராணி இல்லாத கூடு பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். எறும்புகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. சாவதற்கு முன்பே அவற்றின் மார்பை ஊசியால் சுரண்டித் தட்டுகளில் தேய்த்துவைத்திருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பல தட்டுகளில் வேண்டாத கிருமி வந்து கெட்டது, எடுத்துக் கொட்டினாள். மூன்றாவது வாரத்தில் ஒரு தட்டில் வெண்பொட்டுகள் எழுந்தன. பக்கத்தில் அந்த முரட்டுப் பூசணத்தை வைத்தாள். அது வளர்ந்து வந்து, பொட்டுகளுக்கு ஒரு விரல் தள்ளியே நின்றுவிட்டது.

பிறகு வேறொரு கூட்டில் அப்போதுதான் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த, மார்பில் இன்னும் ஒன்றும் ஒட்டாத எறும்புகளை எடுத்து, அவற்றின்மேல் இந்தப் பாக்டீரியாவைத் தடவினாள். பாதிக்குமேல் ஏற்கவில்லை. மற்றவை சில நாளில் வெளுத்தன.

அன்று அவளாகவே அக்காவுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னதும் நொயெலி கேட்டாள்:

"அப்போ எங்க வீட்டுக் கூடு செத்துச்சா, இல்லையா?"

"எறும்பு செத்துடுச்சு. அதுமேல இருந்தது சாகல."

"அவருகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம்க்கா. தான் மருந்து வச்சதாலதான் கிடைச்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

நொயெலி சிரித்துவிட்டாள். இவானிருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் போனை வைக்காமல், புதுக் கன்றுகள் துளிர்த்துவிட்டனவா என்று கேட்டாள்.