திங்கட்கிழமை முத்திரை

மாட்டுச் சாணத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாடு சாணி போடும், அதன் வேலை அது. அதை மூத்திரத்தோடு கரைத்து, மாதக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்து, வயலுக்குத் தெளிக்கிறேன் என்று டேங்கரில் ஏற்றிப் பாதியைச் சாலையில் சிந்திக்கொண்டு போகிற மனிதர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. புதன்கிழமை மதியம், வெர்சாக் ஏற்றத்தில், என் முன்சக்கரம் அந்தக் குழம்பை அள்ளி அள்ளி முழங்காலுக்கும் சட்டைக்கும் உதட்டுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலின் வாயிலும் அதுதான். துடைக்கலாம் என்று என் உடம்பில் ஒரு சுத்தமான இடம் தேடினேன், கிடைக்கவில்லை. தாகம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சொல்லவே கூசுகிறது.

இந்தக் கண்றாவிக்குக் காரணம் எங்கள் சைக்கிள் சங்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மலைகளில் நூற்றுப்பத்து கிலோமீட்டர் சுற்று ஒன்று நடத்துவோம். பந்தயம் இல்லை. தொப்பையும் நரையுமாக நூற்றைம்பது பேர் வருவார்கள், நின்று நிதானமாகப் போவார்கள், வழியில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் பாதைத் தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று தலைவருடையது, மற்றது சரிபார்ப்பவருடையது. இருவரும் அந்தப் பாதை முழுவதையும் தங்கள் காலால் மிதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குச் சாட்சி ஓர் அட்டை. வழியில் நான்கு ஊர்களில் பேக்கரியிலோ காப்பிக் கடையிலோ அந்தக் கடையின் ரப்பர் முத்திரையைக் குத்தி வாங்கி, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் ஞானஸ்நானச் சான்றிதழைத் தொலைத்தாலும் தொலைப்பார்கள், அந்த அட்டையைத் தொலைக்க மாட்டார்கள்.

தலைவர் லூசியன். வயது எழுபத்தொன்று. பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினெட்டு வருடமாக எங்களையும் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார். சரிபார்ப்பவள் நான். செவ்வாய்க்கிழமை அவர் தன் அட்டையை என்னிடம் கொடுத்தார்.

"நேத்து திங்கக்கிழமையே முடிச்சிட்டேன் ஒடில். அந்தக் கடைசி இறக்கம் இருக்கே, வெண்ணெய்தான். நீயும் ஒரு நடை போயிட்டு வந்து கையெழுத்தப் போட்டுடு. ஞாயித்துக்கிழமைக்கு நாள் இல்ல."

மறுநாளே கிளம்பினேன். வெர்சாக் பேக்கரியில் இரண்டாவது முத்திரை வாங்க வேண்டும். என்னைப் பார்த்ததும் கடைக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க. தரைய இப்பத்தான் துடைச்சேன்."

வாசலில் நின்றபடி அட்டையை நீட்டினேன். லூசியனின் அட்டையும் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் என்னுடையதில் முத்திரை குத்தினாள், மற்றதை எடுத்துப் படித்தாள்.

"இது யாரோடது? திங்கக்கிழமை பத்தேகாலுக்கு முத்திரை வாங்கினாராமே."

"வாங்கலியா?"

"திங்கக்கிழமை கடை லீவு. முப்பது வருஷமா லீவு." கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளைத் தாடி வச்சவரா? நீலக் கார், பின்னாடி சைக்கிள் மாட்டியிருக்கும்? அவர் ஞாயித்துக்கிழமை காலையில வந்தாரு. பொண்டாட்டியும் கூட இருந்தாங்க. சதுக்கத்து ஹோட்டல்ல மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லியிருக்கோம்னாரு. முத்திரை போட்டுக் குடுத்தேன். தேதிய நானே எழுதிக்கிறேன்னாரு."

திங்கட்கிழமை கிராமத்தில் ரொட்டி கிடைக்காது என்பது இந்த நாட்டில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மனைவியோடு காரில் ஊர் சுற்றிய ஞாயிற்றுக்கிழமையை எழுத முடியாது. ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சவாரி போகிற திங்கட்கிழமைதான் கைக்கு வந்திருக்கிறது. பதினெட்டு வருடம் மற்றவர்கள் அட்டையில் ஒரு நிமிடம் பிசகினாலும் சிவப்பு மை வைத்த கை அது. இரண்டு அட்டையையும் பைக்குள் திணித்தேன்.

பாதி வழியில் திரும்ப மனம் வரவில்லை. கணவாய் ஏறி அந்த வெண்ணெய் இறக்கத்துக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பிரேக்கில் சாணம் ஏறிப் பிடிமானமே இல்லை. அதனால் கிழவி மாதிரி ஊர்ந்து ஊர்ந்துதான் இறங்கினேன். மூன்றாவது வளைவு திரும்பியதும் என் நெஞ்சுக்கு நேரே, சாலையின் குறுக்கே, ஒரு மின்வேலிக் கம்பி. இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்தினேன். கம்பிக்கும் எனக்கும் ஒரு கை தூரம்தான் இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்து தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டு நின்றாள். பண்ணைக்காரி, பெயர் ஜினெத் என்று பிறகு சொன்னாள்.

"ஏம்மா, கண்ணு எங்க வச்சிருக்க? துணி கட்டியிருக்கேன்ல?"

கட்டியிருந்தாள். பழைய தீவனச் சாக்கின் கிழிசல், சாலையின் நிறத்திலேயே.

"தினமும் கட்டுவீங்களா?"

"மாடு தினமும்தான பால் குடுக்குது. அஞ்சு மணிக்குக் கட்டுவேன், ஆறு மணிக்கு அவுப்பேன்."

"வர்ற ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு இந்த வழியா நூத்தம்பது பேர் சைக்கிள்ல இறங்கப் போறாங்க."

அவள் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது. "அடப் பாவிங்களா. நான் அந்த ஆள்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"எந்த ஆள்கிட்ட?"

"நீலக் கார்க்காரர். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க வந்து ஹாரன் அடிச்சாரு. கம்பியத் தூக்கிப் புடிச்சேன். பாதை பாக்க வந்தேன்னாரு. இந்த நேரத்துக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீங்கன்னு சொன்னேன். சரி சரின்னு தலைய ஆட்டினாரு, கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு."

அதுவரை பொய்யன் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் காருக்குள் உட்கார்ந்து, தூக்கிப் பிடித்த கம்பிக்கு அடியில் போய், அந்தக் கம்பியையும் பார்த்துவிட்டு, 'வெண்ணெய்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். இத்தனை வருடம் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். லூசியன் அச்சான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருந்தது. எனக்கான இடம் காலி. அட்டையை அவர் முன்னால் போட்டேன்.

"திங்கக்கிழமை அந்தக் கடை லீவு, லூசியன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியா. சின்னப் பிசகு."

"கம்பியும் சின்னப் பிசகா?"

"அதுல துணி கட்டியிருக்காங்க. நம்ம ஆளுங்க என்ன குழந்தைங்களா? இறக்கத்துக்குக் கீழ பால்பண்ணைல நூத்தம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. மேயர் வேற வராரு."

"மேயர் கார்ல வருவாரு. அவர் கழுத்து பத்திரம்."

"அந்த இறக்கத்தப் பாதையிலேர்ந்து எடுத்துட்டா ஒம்பது கிலோமீட்டர் சுத்தி இன்னொரு மலை ஏறணும். என்னைத் திட்டியே தீத்துடுவாங்க. எனக்கும் வயசாகுது ஒடில், நீயே அந்த ஏத்தத்தப் பாத்தேல்ல."

"அப்ப முடியலன்னு சொல்லியிருக்கணும். முத்திரை குத்தியிருக்கக் கூடாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் லா மோத் இரும்புத் தடுப்பு. 'சாலை நல்ல நிலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீ. அந்த வாரம் பூரா உனக்கு முழங்கால் வீங்கியிருந்ததுன்னு உன் வீட்டுக்காரர் என்கிட்ட சொன்னாரு. நான் யார்கிட்டயாவது வாயத் திறந்தேனா?"

மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பள்ளம் தோண்டி, மேலே குறுக்குவாட்டில் இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள். மழையில் அது சோப்பு. லா மோத்தில் வளைவு திரும்பின கையோடு அது இருந்தது. நான் அந்தச் சாலையில் போனது ஆறு வருடம் முன்பு, அப்போது தடுப்பே இல்லை. போன வருடம் கணவரின் வேனில் நான்கு கடைக்கும் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சவாரி அன்று மழை. எங்கள் சங்கத்து நொயேல் அதில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு மூன்றாக உடைந்தது. நொயேல் இறக்கத்தில் எப்போதும் அவசரக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு அதை நானே நம்பியும் விட்டேன்.

லூசியன் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். ஆதரவாகப் பேசினார், ஒரே தட்டில் கை வைத்தவரிடம் பேசுவதுபோல. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். முந்தின நாளிலிருந்து அவர் மேல் உமிழ்ந்துகொண்டிருந்ததெல்லாம் என் மேலேயே வழிந்துகொண்டிருந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடைசியாக நொயேல் வந்தாள். விழுந்ததிலிருந்து அவள் சைக்கிளில் ஏறியதில்லை. கூட்டத்துக்கு வருவாள், எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பாள், போய்விடுவாள்.

நான் எழுந்து நின்றேன். முதலில் திங்கட்கிழமை முத்திரையையும் கம்பியையும் சொன்னேன். அது சுலபமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்வதென்றால் ருசியாகவும் இருந்தது. லூசியன் தலை நிமிரவில்லை. இருபது பேரும் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு நிறுத்தி உட்கார்ந்திருக்கலாம். அதற்குப் பிறகு லா மோத்தைச் சொன்னேன், வேனைச் சொன்னேன், ஊரெல்லாம் நான் பரப்பிய பேச்சையும் சொன்னேன். நொயேல் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பை உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் அட்டைகளைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பிறகு பொருளாளர் வரைபடத்தை விரித்து, இறக்கத்தை அடித்துவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் சுற்றை வரைந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை. விடிந்ததும் இரண்டு பேர் போய் அதை மிதித்துப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. அந்த இரண்டு பேரில் நான் இல்லை.

நாற்காலிகளை மடக்கும்போது நொயேல் வந்தாள். காப்பிக் கோப்பையை இடது கையால் என் முன் வைத்தாள்.

"நொயேல், நான்..."

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் பூ எடுத்துட்டு வந்தியே, அன்னைக்கே தெரியும். வந்தவங்க எல்லாரும் எப்படி விழுந்தேன்னு கேட்டாங்க. நீ ஒருத்திதான் கேக்கல."